பைனரி: மணற்குன்றுக் காட்டுக்குள் 14 கிலோமீற்றர்

ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் கோடையில் கிராண்ட் பென்ட் பக்கம் புறப்படும் நம் குடும்பங்களுக்குப் பைனரி மாகாணப் பூங்கா என்றால் ஏரிக்கரைதான். காலையில் போய் இறங்கினால் இறைச்சி வாட்டி, பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விட்டு, பொழுது படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஹூரன் ஏரியோரம் பத்துக் கிலோமீற்றர் மணற்கரை இருக்கும்போது வேறென்ன செய்யத் தோன்றும்? ஆனால் வாயிலிலிருந்து கரை வரை காரில் ஒரு காட்டைக் கடந்து வந்தீர்களே, அந்தக் காட்டின் அடியிலும் மணல்தான் இருக்கிறது. கரையில் கிடப்பதைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்த மணல். அதற்குள் சைக்கிளிலும் நடையிலும் போவதற்கென்றே 14 கிலோமீற்றர் நீளத்தில் ஒரு சுற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள். சவானா பாதை என்று பெயர்.

இந்த அத்தியாயத்திலிருந்து ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏரியைக் கடைசிக்கு வையுங்கள். உட்பக்கத்துப் பழைய குன்றுகளில் தொடங்கி, கரையில் வந்து முடியுங்கள். வெறும் மணல் புல்லாகி, புதராகி, பைனாகி, ஓக் காடான கதை முழுவதும் இங்கே தரையில் வரிசையாகக் கிடக்கிறது. முடிவை முதலில் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்கு வந்தால், கரையில் நிற்கும் அற்பமான ஒரு புல்லுக்கு என்ன மதிப்பு என்பது பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமலே விளங்கும்.

போகும் வழி

ரொறன்ரோவிலிருந்து நீங்கள் எடுக்கும் வழியைப் பொறுத்து 220 முதல் 250 கிலோமீற்றர் வரும். ஸ்காபரோவிலிருந்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டால் இன்னும் கூடும். 401இல் லண்டன் வரை வந்து, 402இல் ஏறி, ஸ்ட்ராத்ரோய்க்கு அருகே 81ஆம் இலக்க வீதியில் வடக்கே திரும்பினால் பார்க்ஹில் ஊடாகக் கிராண்ட் பென்ட் வரும். அங்கிருந்து 21ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஸ்ட்ராட்பர்ட், எக்ஸெற்றர் வழியாக வருவது கொஞ்சம் மெதுவானது; வயல்களைப் பார்த்துக்கொண்டு வரலாம்.

பகல் நேர வாகன அனுமதியைக் கட்டாயம் இணையத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். யூலை, ஓகஸ்ட் வார இறுதிகளில் இடம் நிரம்பிவிட்டால் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று மணி நேரம் ஓடி வந்து, பின் இருக்கையில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு அந்த வாயிலில் நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம். கூடாரம் அடித்துத் தங்குவதானால் ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். பேர்லி, ரிவர்சைட், டியூன்ஸ் என மூன்று முகாம்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் இடங்கள் இருந்தும், கோடை வார இறுதிகளுக்கு அடிபிடிதான்.

மணல் வந்த கதை

இந்த மணல் பனிப்பாளம் விட்டுப்போனது. கடைசிப் பனியுகத்தில் இந்த நிலத்தை மூடிக் கிடந்த பனி உருகிப் பின்வாங்கியபோது, அது அரைத்துக்கொண்டு வந்த களியும் கல்லும் மணலும் இங்கேயே தங்கிவிட்டன. பின்னர் ஏரியின் அலைகள் வடக்கே கோடரிச் பக்கத்துக் களிமண் மேட்டுக்கரைகளை அரித்து, அதிலிருந்த மணலைக் கரையோரமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தன. கிராண்ட் பென்டுக்கும் கெற்றில் பொயின்றுக்கும் இடையில் கரை உள்வாங்கி வளைகிறது. மணல் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

இன்றைக்கு ஏறத்தாழ 5,000 - 6,000 ஆண்டுகளுக்கு முன் ஏரியின் நீர்மட்டம் இப்போதையதைவிட ஏழெட்டு மீற்றர் உயரத்தில் நின்றது. நிலவியலாளர்கள் அந்தக் காலத்து நீர்ப்பரப்பை நிப்பிசிங் ஏரி என்று அழைக்கிறார்கள். அதன் கரையில் காற்று வாரிக் குவித்த மேடுகள்தான் இன்று பூங்காவின் உட்பக்கத்தில் மரம் மூடி நிற்கும் உயர்ந்த குன்றுகள். பிறகு தெற்கே சென் கிளயர் ஆறு வெளியேறும் வாய் அரித்து ஆழமாகியது, நீர் வடிந்தது, கரை மேற்கே நகர்ந்தது. கரை நின்று நகர்ந்த இடங்களில் எல்லாம் புதிதாக ஒரு மேட்டு வரிசை எழுந்தது. அதனால் உள்ளே இருப்பது கிழம், ஏரியோரத்தில் இருப்பது குழந்தை.

வயது வித்தியாசத்தை மரங்களே காட்டிக்கொடுக்கும். ஏரி ஒதுக்கும் புது மணலில் சுண்ணாம்பு நிறைய உண்டு. மழை அதை ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழே இறக்குகிறது. கரையோர இளம் மேடுகளில் சுண்ணாம்பைத் தாங்கும் ஜுனிப்பர் புதரும் செஞ்சீடரும் நிற்பதையும், சுண்ணாம்பு கழுவுண்டு போன பழைய மேடுகளில் கறுப்பு ஓக் ஆட்சி செய்வதையும் பார்ப்பீர்கள். இடைநிலத்தில் பைன்.

வடமராட்சியில் வளர்ந்தவர்களுக்கு மணற்காட்டின் வெண்மணற் குன்றுகளும், வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சூழ்ந்த மணலும் நினைவுக்கு வரலாம். அங்கே கடற்காற்று செய்வதை இங்கே ஏரிக்காற்று செய்கிறது. அங்கே இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இங்கே அந்த வேலையை மாரம் புல் செய்கிறது.

இந்தக் காடு ஏன் தப்பியது?

இது அனிஷினாபே என்ற முதற்குடி மக்களின் நிலம். 1827ஆம் ஆண்டின் ஹூரன் நிலப்பரப்பு ஒப்பந்தத்தால் இப்பகுதி அவர்கள் கையைவிட்டுப் போனது. அதில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஏக்கர், 1826இல் உரிமம் பெற்ற கனடா கம்பனி என்ற நிலவிற்பனை நிறுவனத்திடம் சேர்ந்தது. கம்பனி நிலத்தைத் துண்டு துண்டாகக் குடியேறிகளுக்கு விற்றது. களிமண் நிலம் எல்லாம் போய்விட்டது. தெற்கு ஒன்ராறியோவின் காடுகள் வயலானது அப்படித்தான். இந்த மணல் மட்டும் பயிருக்கு உதவவில்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்தது. 1957இல் ஒன்ராறியோ அரசு இதை வாங்கி மாகாணப் பூங்காவாக்கியது. நிலத்தின் வறுமைதான் காட்டைக் காப்பாற்றியது. இன்று 2,532 ஹெக்ரேயர் பரப்பில் விரிந்திருக்கும் இப்பூங்காவில் இருப்பது, ஒன்ராறியோவில் எஞ்சியிருக்கும் ஓக் சவானாக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. பூங்காவுக்குத் தெற்கே சிறிது தூரத்தில் இப்பர்வாஷ் இருக்கிறது. 1942இல் ஸ்டோனி பொயின்ற் மக்களின் நிலத்தைப் போர்க்காலச் சட்டத்தின்கீழ் கூட்டாட்சி அரசு இராணுவ முகாமுக்காக எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் பல பத்தாண்டுகளாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1995 செப்ரெம்பரில் அங்கே நிலமீட்புப் போராட்டத்தில் நின்ற டட்லி ஜோர்ஜ் என்பவர், கையில் ஆயுதமில்லாத நிலையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2007இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அந்நிலத்தை மக்களிடம் கையளிக்கச் சொன்னது. வலிகாமம் வடக்கில் காணியை இழந்து, முட்கம்பிக்கு வெளியே நின்று தங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 21ஆம் நெடுஞ்சாலையில் அந்தப் பெயர்ப்பலகைகளைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதலில் நிப்பிசிங் குன்று

சைக்கிளைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன் நிப்பிசிங் நடைபாதையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இரண்டு கிலோமீற்றர்தான். பூங்காவின் மிகப் பழைய, மிகப் பெரிய மேட்டின்மீது ஏறுகிற பாதை இது. இங்கே நடந்து மட்டுமே போகலாம், சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் நிதானமாக ஏறினால் பேரப்பிள்ளைகளோடு வரும் தாத்தா பாட்டிமாரும் ஏறக்கூடியதுதான். முழங்கால் நோவு உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு ரிவர்சைட் பாதையை எடுங்கள். அது சக்கர நாற்காலிக்கும் ஏற்ற தட்டையான ஒரு கிலோமீற்றர்.

மேலே ஏறியதும் மரத்தலைகளுக்கு மேலாக மேற்கே பாருங்கள். நீங்கள் நிற்பது ஒரு காலத்து ஏரிக்கரை. உங்களுக்கும் இன்றைய ஏரிக்கும் நடுவே கிடக்கும் காடு முழுவதும் அன்று தண்ணீருக்கு அடியில் இருந்தது. வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால், பின்னால் வரும் 14 கிலோமீற்றரில் பாதை எதற்காக இப்படி ஏறி இறங்கி நெளிகிறது என்பது புரிந்துவிடும். பாதை மேட்டு வரிசைகளைக் குறுக்கே வெட்டும்போது ஏற்றமும் இறக்கமும்; இரண்டு வரிசைகளுக்கு நடுவிலான பள்ளத்தில் ஓடும்போது சமதரை.

சவானா பாதையில்

முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழகியவர்கள் சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகளோடு, பார்த்துப் பார்த்துப் போவதானால் மூன்று மணி நேரம் வையுங்கள். நடப்பதானால் பாதித் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவரைக் காரோடு மறுமுனைக்கு அனுப்பிவிடுவது நல்லது. பாதை ஆங்காங்கே பூங்கா வீதியைச் சந்திப்பதால் இடையில் விலகிக்கொள்ளலாம்.

சைக்கிளுக்கு அகலமான ரயர் வேண்டும். வீதியில் ஓட்டும் ஒல்லி ரயரோடு வந்தால் வளைவுகளில் சறுக்கும். ஏற்ற இறக்கங்களில் திருப்பங்கள் நெருக்கமாக இருப்பதால் இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு சிறு பிள்ளை சின்னச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரக்கூடும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஹெல்மெற் அணிவது ஒன்ராறியோவில் சட்டம். பெரியவர்களுக்குச் சட்டமில்லை என்றாலும், அப்பா தலையில் ஒன்றுமில்லாமல் ஓட்டினால் மகன் தனதைக் கழற்றிவிடுவான். மணியும் சட்டப்படி தேவை. இந்தப் பாதையில் அது உண்மையிலேயே உதவும்.

பலருக்கும் பொதுவான பாதை என்பதால் மரியாதை முக்கியம். வலப்பக்கமாகப் போங்கள். நடப்பவரை முந்தும்போது தூரத்திலேயே மணியடித்து, வேகம் தணித்து, இடப்பக்கமாகக் கடந்து போங்கள். நாங்கள் ஒரு வானும் இரண்டு காரும் நிறைய ஆட்களோடு போகிறவர்கள். பதினைந்து பேர் பாதையை அடைத்து நின்று படம் எடுத்தால் பின்னால் வருபவர் காட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டியிருக்கும். ஒற்றை வரிசையாகப் போவதும், நிற்க வேண்டுமானால் அகலமான இடம் பார்த்து நிற்பதும் பழகிவிட்டால் சுகமாக இருக்கும். கைபேசியில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். காடு பேசுவது கேட்காது.

நாயைக் கொண்டுவந்தால் கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் போகக் கூடாது. ட்ரோன் பறக்கவிட அனுமதியில்லை.

பாதை ஒரு மேட்டைக் கீறிக்கொண்டு போகும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, கரையின் வெட்டுமுகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தொட வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். மேலே ஓக் இலையும் பைன் ஊசியும் உதிர்ந்த சருகு. அதற்குக் கீழே கறுப்பாக மக்கிய மண், விரல் நீளம் இருந்தாலே பெரிது. அதற்குக் கீழே உடனே மணல். மேற்பகுதி வெளிறி, கீழே போகப் போக மஞ்சளும் பழுப்புமாக. ஐயாயிரம் ஆண்டு இலையுதிர்ந்து சேர்ந்த மண் இவ்வளவுதான். இருபது மீற்றர் உயர்ந்த ஓக் மரம் இந்த மெல்லிய போர்வையை நம்பி நிற்கிறது. இதைக் கண்ணால் கண்டவர் பாதையை விட்டு இறங்கிக் குறுக்கே சைக்கிள் ஓட்ட மாட்டார். போர்வை கிழிந்த இடத்தில் அடியிலுள்ள மணல் மறுபடியும் காற்றோடு பறக்கத் தொடங்கும்.

வெயில் படும், மழை படாத மணலோரங்களில் குனிந்து தேடினால் குழியானையின் குழிகள் தென்படும். புனல் வடிவத்தில், ஒரு சத அளவிலிருந்து இரண்டு டொலர் நாணய அளவு வரை. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும். அடியிலிருந்து மணற்பொரி விசிறி அடிக்கும். ஊரில் வீட்டுத் தாழ்வாரத்து மணலில் விளையாடிய அதே குழியானையின் உறவுதான். பிள்ளைகளை இங்கே இருந்து கிளப்புவது கஷ்டம், அதற்கும் நேரம் வையுங்கள்.

பாதையோரத்து விழுந்த மரங்களில் வெயில் காயும் ஐந்துகோட்டு அரணையையும் காணலாம். ஒன்ராறியோவின் ஒரே உள்ளூர்ப் பல்லியினம் இது. குட்டியின் வால் பளிச்சென்ற நீலம். இந்தத் தென்மேற்குப் பகுதியில் அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஒளிந்திருக்கும் மரக்கட்டைகளைப் புரட்டுவதே அதற்குப் பெரிய துன்பம். கட்டைகளைக் கிடந்தபடி விடுங்கள். பன்றிமூக்குப் பாம்பு என்று ஒன்றும் உண்டு. கழுத்தை அகல விரித்துச் சீறுவதைக் கண்டு நாகம் என்று பயந்துவிடாதீர்கள், மனிதருக்கு ஆபத்தில்லாதது. விலகாமல் நின்றால் மல்லாந்து விழுந்து, வாயைப் பிளந்து, செத்ததுபோல் நடிக்கும். அடிக்கக் கம்பைத் தேடுவது நமக்குப் பழகிய பழக்கம். இங்கே அதை விட்டுவிட வேண்டும், இதுவும் காவலுக்குரிய அருகிவரும் உயிர்.

கரடி வருமா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பக்கத்தில் அந்தப் பயம் வேண்டாம். தொல்லை தருவது ரக்கூன். பூட்டாத கூலரை நொடியில் திறந்து கோழிக்கறியை எடுத்துக்கொண்டு போகும். சாப்பாட்டைக் காருக்குள் வையுங்கள்.

எரிந்த மரங்களைக் கண்டால்

சில இடங்களில் ஓக் மரங்களின் அடி கரியேறிக் கறுத்திருக்கும். பைன் வெட்டிய அடிக்கட்டைகளும் தெரியும். காட்டை யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைத்து முறைப்பாடு செய்தவர்களும் உண்டு. விஷயம் நேர்மாறானது. சவானா என்பது நெருங்கிய காடு கிடையாது. மரங்கள் எட்டி எட்டி நின்று, வெயில் தரைவரை இறங்கி, புல்லும் பூவும் செழிக்கும் நிலம். அதை அப்படி வைத்திருந்தது நெருப்பு. முதற்குடி மக்கள் திட்டமிட்டு வைத்த தீயும், இயற்கையாக மூண்ட தீயும் இளம் பைனையும் புதரையும் எரித்தன. தடித்த பட்டை கொண்ட கறுப்பு ஓக் தாங்கியது, கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது.

இருபதாம் நூற்றாண்டில் தீயை அணைப்பதே காட்டைக் காப்பது என்று நினைத்தார்கள். பூங்கா திறந்த பிறகு வெட்டவெளிகள் வீணாகக் கிடக்கின்றன என்று பெருந்தொகையில் பைன் கன்றுகளையும் நட்டார்கள். நிழல் மூடியது. மான்கள் பெருகி, ஓக் கன்று முளைக்க முளைக்கத் தின்று தீர்த்தன. காட்டு லூப்பின் என்ற நீலப்பூச் செடி அருகியது. அதன் இலையை மட்டுமே தின்னும் கார்னர் நீலம் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவில்லாமற் போனது. 1944இல் நாவலாசிரியர் விளாடிமிர் நபொகோவ் அறிவியல் முறையில் பெயரிட்டு விவரித்த பூச்சி அது. 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு ஒன்ராறியோவில் எங்கும் காணக் கிடைக்கவில்லை.

இப்போது பூங்கா நிருவாகம் நட்ட பைனை வெட்டி அகற்றுகிறது. 1980களிலிருந்து பயிற்சி பெற்றவர்களைக்கொண்டு, காற்றும் ஈரமும் பார்த்து, பகுதி பகுதியாகத் தீ வைக்கிறது. மான் தொகையைக் குறைக்க அருகிலுள்ள முதற்குடி வேட்டையாளர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். ஆக, கரியேறிய அடிமரத்தைக் கண்டால் அதன் காலடியையும் பாருங்கள். புதுப் புல்லும் ஓக் தளிரும் வந்திருக்கும். ஒரு நாட்டின் அரச துறை தான் முன்பு செய்தது பிழை என்று ஏற்று, நட்ட மரத்தைத் தானே பிடுங்குவதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன்.

ஓடாத ஆறு

பூங்காவின் நடுவே நீளவாக்கில் ஒரு ஆறு தெரியும். உண்மையில் அது இப்போது ஓடுவதில்லை. ஓசேபிள் ஆறு ஏரியை நெருங்கி வந்தும் மணல்மேடுகள் வழிவிடாததால், கிராண்ட் பென்டில் கூர்மையாகத் திரும்பி, மேடுகளுக்குப் பின்னாலேயே தெற்கே போர்ட் பிராங்க்ஸ் வரை ஓடிக் கலந்தது. ஊருக்குப் பெயர் வந்ததும் அந்தப் பெரிய வளைவால்தான். வெள்ளத்தால் வயல்கள் மூழ்குகின்றன என்று 1870களில் தெற்கே ஒரு வாய்க்காலும், 1892இல் கிராண்ட் பென்டில் இன்னொன்றும் வெட்டி ஆற்றை நேராக ஏரிக்குள் விட்டார்கள். பழைய தடம் அநாதையானது. மழையும், குன்றுகளில் இருந்து கசியும் நிலத்தடி நீருமே இப்போது அதற்கு ஊட்டம். வயற்சேறு வராததால் தண்ணீர் தெளிவு. அடியில் தாவரம் தெரியும். கலங்கிய நீரில் பிழைக்க முடியாத பக்னோஸ் ஷைனர் போன்ற அரிய சிறுமீன்கள் இங்கே வாழ்வதற்கு அதுவே காரணம். பாலங்களில் நின்று பாருங்கள். கால் களைத்தால் மிச்ச நேரத்துக்குக் கனூ வாடகைக்கு எடுக்கலாம்.

கடைசியாக ஏரி

சீடர் நடைபாதையின் ஏரிப்பக்கக் கிளையில் நடந்து கரைக்கு வருவது நல்ல முடிவு. ஓக் குறைந்து, பைன் குறைந்து, ஜுனிப்பர் புதராகி, பிறகு புல்லாகி, கடைசியில் மணலும் காற்றும். முன்மேட்டில் நிற்கும் மாரம் புல்லை நெருங்கிப் பாருங்கள். மணல் மூட மூட அதற்கு மேலே எழும்பும். மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டு அடுத்த குருத்தை விடும். காற்றோடு அவ்வளவு மல்லுக்கட்டும் இந்தப் புல்லுக்கு மனிதக் கால் மட்டும் ஒத்துவராது. பலமுறை மிதிபட்டால் அடித்தண்டு நொறுங்கி, புல் செத்து, அந்த வாய்வழியே காற்று புகுந்து மேட்டையே குடைந்துவிடும். குறித்த வழிகளில் மட்டும் கரைக்கு இறங்குங்கள். மேட்டில் ஏறிச் சறுக்க விரும்பும் பிள்ளைகளை நீர்விளிம்பில் மணல்வீடு கட்ட அழைத்துப் போங்கள்.

இங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை. அலை எழும் நாட்களில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டாகும். ஏரிதானே என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம். நீந்தத் தெரியாதவர்கள் முழங்காலளவு நீரோடு நிற்க வேண்டும். சிறுவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஐவியும் உண்ணியும்

பொய்சன் ஐவி பாதையோரமெல்லாம் உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலையின் காம்பு மட்டும் நீளம். வசந்தத்தில் செந்நிறம், கோடையில் பளபளத்த பச்சை, இலையுதிர் காலத்தில் மறுபடி சிவப்பு. அதன் எண்ணெய் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளமும் கடுமையான அரிப்பும் வரும். பச்சைக் கஜுக்கொட்டையின் ஓட்டுப்பால் கையைப் புண்ணாக்குவதை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டும் ஒரே குடும்பத் தாவரங்கள். பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். சப்பாத்து, உடுப்பு, சைக்கிள் ரயர் எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் தங்கும், அவற்றையும் கழுவ வேண்டும்.

கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வெளிர் நிற உடுப்பில் போங்கள். வீடு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின், பிள்ளைகளின் தலைமயிர் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். எள்ளளவு கறுப்புப் புள்ளியாகத்தான் இருக்கும். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் கூடாது. நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்து, இடத்தைக் கழுவுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்திருக்கலாம் என்று தோன்றினால் தாமதிக்காமல் மருந்தகத்துக்குப் போங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோ மருந்தாளர்களே இதற்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். உண்ணியை அகற்றி 72 மணி நேரத்துக்குள் அந்த மருந்தை எடுக்க வேண்டும்.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து யூன் நடுவரை லூப்பினும் செம்மஞ்சட் பூக்கூன் பூவும். ஆனால் நுளம்பும் அப்போதுதான். யூலையில் ஆரஞ்சு நிறப் பால்களைப் பூ, கூடவே பெருங்கூட்டம். என்னைக் கேட்டால் செப்ரெம்பர் நடுவிலிருந்து ஒக்ரோபர் கடைசி வரை. தரைப்புல் செம்பு நிறமாகி, ஓக் இலை பழுத்து, நுளம்பு ஒழிந்து, பாதை வெறிச்சென்றிருக்கும். வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கு ரோல்ஸும் வாழைப்பழமும் கைக்கு வசதி. சோறு கறியைக் காரில் விட்டுவிட்டு, திரும்பி வந்து மேசையில் வைத்துச் சாப்பிடுங்கள். விறகை வீட்டிலிருந்து ஏற்றிவர வேண்டாம்; மரத்தைத் தின்னும் பூச்சிகள் அதோடு சேர்ந்து வரும். பூங்காவிலேயே வாங்கலாம். காட்டுக்குள் சுள்ளி பொறுக்குவதும் பூப்பறிப்பதும் தடை.

பனிக்காலத்திலும் பூங்கா திறந்திருக்கும். ஸ்கீ சறுக்குபவர்களுக்காகச் செப்பனிட்ட தடங்களில் நடக்காதீர்கள். சப்பாத்துக் குழிகள் அவர்களை விழுத்திவிடும். மார்ச்சில் போவதானால், நெடுஞ்சாலைக்கு மறுபக்கம் இருக்கும் லாம்ப்டன் மரபுரிமை அருங்காட்சியகத்தைச் சுற்றிய வயல்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். வடக்கே துருவநிலத்துக்குத் திரும்பும் தூந்திர அன்னங்கள் உருகும் பனிநீர் தேங்கிய அந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் இறங்கித் தங்கும். காருக்குள் இருந்தபடியே பார்க்கலாம் என்பதால், நடக்க முடியாத பெரியவர்களையும் அந்தப் பயணத்துக்குக் கூட்டிப்போகலாம்.